கண்ணாடியில் எழுதிய சொற்கள்: மாற்றுத்திறனாளி கலைஞர்களின் எழுத்து ஓவியமும் கேலரி ஜன்னலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 16வது தெருவோடு நடந்து போனால், கடைகளுக்கு நடுவே கிரியேட்டிவிட்டி எக்ஸ்ப்ளோர்ட் என்ற இடத்தின் முகப்பு வரும். வளர்ச்சிசார் குறைபாடு (ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவை) உள்ள கலைஞர்கள் உள்ளே வேலை செய்கிறார்கள், முன்பக்கம் கேலரி. தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இப்படிப்பட்ட பழைய ஸ்டுடியோக்கள் மூன்று உண்டு. அங்கே வேலை செய்கிற கலைஞர்களில் சிலர் சொற்களையே வண்ணம்போலக் கையாள்கிறவர்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளையும், அப்படி ஒருவரின் எழுத்தைக் கேலரி ஜன்னலுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் கேட்கிற கேள்விகளையும் இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எழுத்து ஓவியம் என்றால் என்ன? அழகாக எழுதுவதா?

அழகான கையெழுத்து வேறு. அதில் சொல் படிக்கப்பட வேண்டும். அழகு அதற்கு மேல் ஏறும் நகை. எழுத்து ஓவியத்தில் சொல் பொருளைத் தரலாம், தராமலும் போகலாம். எழுத்தின் உருவம், அது தாளில் பிடிக்கும் இடம், திரும்பத் திரும்ப வரும் தாளம், கை கொடுத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு.

தமிழ் வாசகருக்கு இது ரொம்பப் புதிதாக இருக்காது. எழுத்துகளைத் தேர் வடிவத்திலும் பாம்பு வடிவத்திலும் அடுக்குகிற ரதபந்தம், நாகபந்தம் எல்லாம் நம்மிடம் சித்திரக்கவி என்ற பெயரில் உண்டு. தண்டியலங்காரம் அதற்கு இலக்கணமே சொல்கிறது. சம்பந்தர் பாடிய மாலைமாற்று, கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டாக நிற்கும். சொல்லுக்குக் காதில் ஒரு வாழ்வும் கண்ணில் ஒரு வாழ்வும் இருக்கிறது என்பதை நம் புலவர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். வளைகுடாப் பகுதிக் கலைஞர்கள் வேறு வழியாக, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கண்ணின் பக்கம் வந்து சேர்ந்தவர்கள்.

இந்த ஸ்டுடியோக்கள் எப்படி வந்தன?

கலிபோர்னியாவில் 1969இல் லான்டர்மன் சட்டம் வந்தது. வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்கள் ஊருக்குள் வாழ்வதற்குத் தேவையான சேவைகளைப் பெறுவது அவர்களின் உரிமை என்றது அந்தச் சட்டம். அதுவரை பெரிய அரசு மருத்துவமனைகளில் அடைந்து கிடந்தவர்கள் மெல்ல மெல்ல வெளியே வந்தார்கள். சரி, வந்தவர்கள் பகல் முழுக்க என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ஃப்ளாரன்ஸ் லுடின்ஸ் கட்ஸ் என்ற ஓவியரும், அவர் கணவரான எலியாஸ் கட்ஸ் என்ற உளவியலாளரும் கண்ட பதில்: ஒரு மேசை, வண்ணம், காகிதம், தொந்தரவு செய்யாமல் உதவுகிற ஒரு கலைஞர். 1974இல் சொந்த வீட்டிலேயே தொடங்கினார்கள். அதுதான் இன்று ஓக்லாந்து நகரின் 24வது தெருவில் இருக்கும் கிரியேட்டிவ் குரோத். 1982இல் ரிச்மண்டில் நையாட், 1983இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரியேட்டிவிட்டி எக்ஸ்ப்ளோர்ட் என்று இன்னும் இரண்டு வந்தன. மூன்றுக்கும் வித்து இந்தத் தம்பதிதான்.

இங்கே ஆசிரியர் வேலை விசித்திரமானது. பாடம் நடத்துவதில்லை. எதிரே உட்கார்ந்து பொருள்களை எடுத்துக் கொடுப்பார்கள், கலைஞர் என்ன தேடுகிறார் என்று கவனிப்பார்கள். தெரிந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு வகுப்பாவது எடுத்தவர்களுக்குத் தெரியும்.

டான் மில்லர் எழுதுவதைப் படிக்க முடியுமா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பதில்: கொஞ்சம் முடியும்.

டான் மில்லர் 1961இல் பிறந்தவர். ஆட்டிசம் உள்ளவர், அதிகம் பேசமாட்டார். 1990களின் தொடக்கத்திலிருந்து கிரியேட்டிவ் குரோத்தில் வேலை செய்கிறார். மின்விளக்கு, பிளக் சாக்கெட், சாப்பாட்டுப் பண்டங்கள், ஊர்ப் பெயர்கள், ஆட்களின் பெயர்கள் என்று தன் மனத்துக்கு நெருங்கிய சொற்களை எழுதுகிறார். ஒரு சொல்லை எழுதிய இடத்திலேயே அடுத்ததை எழுதுகிறார். அதன் மேல் இன்னொன்று. ஒரு கட்டத்தில் தாளின் நடுப்பகுதி அடர்ந்த புதராகிவிடும். ஆனால் புதரின் ஓரத்தில் ஒரு எழுத்து வெளியே நழுவி நிற்கும், கிளை நீட்டிக்கொண்டிருப்பதுபோல. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் ஒரு சொல்லின் பாதி கிடைக்கும். 'பல்பு' என்று தெரிகிற மாதிரி இருக்கும், அதற்குள் மறைந்துவிடும்.

ஸ்ரீராமஜெயம் நூற்றெட்டு முறை எழுதிய பாட்டிகளின் நோட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு மில்லரின் தாள்களைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. கை ஒரு சொல்லை விடாமல் சுற்றுவது இரண்டிலும் உண்டு. பாட்டி வரிசை மாறாமல் கட்டம் கட்டமாக எழுதுவார்; எண்ணிக்கை தெரிய வேண்டுமே. மில்லர் அத்தனையையும் ஒரே கட்டத்துக்குள் எழுதுகிறார். ஒரு தாளுக்குள் எவ்வளவு நேரம் ஏறியிருக்கிறது என்பதைப் பக்கவாட்டில் எண்ண முடியாது, ஆழத்தில்தான் பார்க்க வேண்டும்.

தட்டச்சு இயந்திரத்திலும் அவர் வேலை செய்திருக்கிறார். அங்கே எழுத்தின் உருவம் இயந்திரத்துடையது. இருந்தாலும் சொல் சொல்லாக அடித்து வருகிற அந்த வேகத்தில் அவர் கை தெரிந்துவிடுகிறது.

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவர் ஓவியங்களை வாங்கி வைத்திருக்கிறது. 2017இல் வெனிஸ் பியனாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் உலகக் கலைவிழாவின் முதன்மைக் கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. அதே கண்காட்சியில் ஜூடித் ஸ்காட் என்பவர் நூலைச் சுற்றிச் செய்த சிற்பங்களும் இருந்தன. ஸ்காட் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், காது கேளாதவர். ஏழு வயதிலிருந்து முப்பது வருடத்துக்கும் மேல் விடுதிகளில் அடைபட்டிருந்தவர். இரட்டைச் சகோதரி வெளியே அழைத்து வந்த பிறகுதான் கிரியேட்டிவ் குரோத்துக்கு வந்தார். பொருள்களை நூலால் சுற்றிச் சுற்றி உள்ளே இருப்பது தெரியாமல் செய்துவிடுவார். மில்லர் சொற்களைச் செய்வதும் கிட்டத்தட்ட அதுவே. ஒரே ஸ்டுடியோவில் வேலை செய்த இரண்டு பேர். ஒருவர் நூலால், ஒருவர் மையால்.

எல்லாருமே இப்படிப் படிக்க முடியாத மாதிரிதான் எழுதுவார்களா?

இல்லை. ஜான் பாட்ரிக் மெக்கென்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் 1962இல் பிறந்து, சிறுவயதில் சான் பிரான்சிஸ்கோ வந்தவர். பல பத்தாண்டுகளாகக் கிரியேட்டிவிட்டி எக்ஸ்ப்ளோர்டில் எழுதுகிறார். இவருடைய வாக்கியங்கள் தெளிவாகப் படிக்கும்படி இருக்கும். பிரபலங்களின் பெயர்கள் வரும். இன்னாருக்கு இது பிடிக்கும், இன்னாருக்கு இது பிடிக்காது என்று ஒரே வார்ப்பில் வரி வரியாக இறங்கும். ஒரு பெயர் மாறும், ஒரு வினை மாறும், வார்ப்பு மாறாது. வாய்விட்டுப் படித்தால் பாட்டின் பல்லவிபோலத் திரும்பி வரும்.

அப்புறம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எழுத்துகளில் எங்கெல்லாம் மூடிய வட்டம் வருகிறதோ அங்கெல்லாம் அதைக் கறுப்பாக நிரப்பியிருப்பார். ஆங்கில 'ஓ', 'ஏ' எல்லாம் சின்னக் கறுப்புக் கூழாங்கற்களாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பக்கம் முழுக்கப் புள்ளிகள் ஒரு தாளத்தில் ஓடும். ஒரே தாளை ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பதும் அரையடியில் நின்று படிப்பதும் இரண்டு அனுபவம். ஜன்னலுக்கு இப்படிப்பட்ட எழுத்துதான் அருமையாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். தெருவின் எதிர்ப்புறத்தில் போகிறவருக்கு ஒன்றும், நின்று மூக்கைக் கண்ணாடியில் ஒட்டுகிறவருக்கு இன்னொன்றும் கிடைக்கிறது.

மார்லன் மல்லன் வேறு ரகம். நையாட் ஸ்டுடியோவின் ஓவியர், ரிச்மண்டுக்காரர். கலைப் பத்திரிகைகளின் அட்டைகளைப் பார்த்து அக்ரிலிக்கில் பெரிய ஓவியங்கள் தீட்டுகிறார். பத்திரிகையின் பெயர், உள்ளே இருக்கும் தலைப்புகள் எல்லாம் வண்ணத் துண்டுகளாக மாறிவிடும். அட்டை மூலையில் இருக்கும் பார்கோடையும், சந்தாதாரர் முகவரி ஒட்டிய சீட்டையும்கூட விடமாட்டார். நாமெல்லாம் கண்ணிலேயே வாங்காத அந்த வெள்ளைச் சீட்டு, அவர் ஓவியத்தில் ஒரு தட்டையான, கம்பீரமான வடிவமாக உட்கார்ந்திருக்கும். 2019 விட்னி பியனாலேயில் பங்கேற்றார்; 2024 டிசம்பரில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவருக்கென்று தனிக் கண்காட்சி திறந்தது.

இது கலைச் சிகிச்சைதானே?

இல்லை. சிகிச்சையில் ஓவியம் ஒரு கருவி, நோக்கம் நோயாளியின் நலம். இங்கே நோக்கம் ஓவியம். வரைந்தால் மனசு லேசாகிறதா என்றால் ஆகும்தான். அது எல்லா ஓவியருக்கும் ஆவது. அதற்காக யாரும் மற்ற ஓவியர்களின் கேன்வாஸை மருத்துவக் குறிப்பாகப் படிப்பதில்லையே.

கேலரிக்குள் சுவர் இருக்கும்போது ஜன்னல் எதற்கு?

கேலரிக்குள் நுழைவதற்குப் பலருக்குக் கூச்சம். கதவைத் தள்ளலாமா, உள்ளே போனால் ஏதாவது கேட்பார்களா, வாங்காவிட்டால் தப்பாக நினைப்பார்களா என்று தயங்கித் தயங்கி நகர்ந்துவிடுவார்கள். ஜன்னலுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. வாசலில் படி இருந்தால் சக்கர நாற்காலியில் வருகிறவர் வெளியேதான் நிற்க வேண்டும். ஜன்னல் அவரையும் பார்வையாளராக ஏற்றுக்கொள்கிறது. படியை எடுக்காமல் இருப்பதற்கு இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது, அது வேறு விஷயம்.

கலைஞர்களுக்கும் கடை ஜன்னலுக்கும் பழைய உறவு உண்டு. நியூயார்க்கின் பான்விட் டெல்லர் கடைக்கு 1939இல் சல்வடோர் டாலி ஒரு ஜன்னல் செய்தார். கடைக்காரர்கள் தன்னைக் கேட்காமல் மாற்றிவிட்டதைப் பார்த்துக் கோபத்தில் உள்ளே புகுந்து குளியல் தொட்டியை இழுத்தார். தொட்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவுக்கே போனது, அவரும் கூடவே. அதே கடையின் ஜன்னலில்தான் 1961இல் ஆண்டி வார்ஹால் தன் ஆரம்பகால ஓவியங்களை உடைகளுக்குப் பின்னால் நிறுத்தினார். டாலியின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். கலைஞரைக் கேட்காமல் ஜன்னலில் கைவைக்கக் கூடாது. பேச்சில் எதிர்ப்புச் சொல்லத் தெரியாத கலைஞர் என்றால் இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும்.

கண்ணாடியில் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள்?

மூன்று வழி சொல்கிறேன். கலைஞர் நேரடியாகக் கண்ணாடியில் எழுதுவது முதல் வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான். உள்பக்கமாக எழுதினால் மழையும் கையும் படாது. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் எழுத்து இடவலம் மாறித் தெரியும். தமிழில் ப, ஃ போன்ற ஒன்றிரண்டு எழுத்துகள்தான் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய அப்படியே நிற்கும்; மற்றதெல்லாம் புரண்டுவிடும். இதைச் சிலர் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். கலைஞர் விரும்பினால் அப்படியே விடலாம். உள்ளே நிற்பவருக்கு நேராகவும் வெளியே நிற்பவருக்குப் புரண்டும் தெரிவது ஒரு தேர்வுதான். வெளியேயும் நேராகத் தெரிய வேண்டுமானால், டிரேசிங் தாளில் எழுதி, தெருவில் நிற்பவர் படிக்கிற மாதிரி வெளிப்பக்கம் ஒட்டிவிட்டு, உள்ளேயிருந்து தெரியும் தடத்தின் மேலேயே எழுதிக்கொண்டு போகலாம்.

தண்ணீரில் அழியும் சாக் மார்க்கர், பெயின்ட் மார்க்கர் இரண்டும் கிடைக்கும். காட்சி முடிந்ததும் ஈரத்துணியோ பிளேடோ போதும். கண்ணாடியைத் துடைத்துக் காயவிட்ட பிறகே தொடங்குங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் மை உருண்டு நிற்கும்.

இரண்டாவது வழி வினைல் ஸ்டிக்கர். கலைஞர் தாளில் எழுதியதை ஸ்கேன் எடுத்து, ஸ்டிக்கர் கடையில் பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தில் வெட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்குவீஜி என்ற ரப்பர் தேய்ப்பானால் குமிழ் இல்லாமல் இழுத்து ஒட்டுவார்கள். இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு, எச்சரித்தே ஆக வேண்டும். ஸ்கேன் செய்த கையெழுத்தை வெட்டும் கோடாக மாற்றும்போது கணினி அதைத் தானாக வழவழப்பாக்கிவிடும். நடுங்கிய கோடு நேராகும். பேனா நின்று மையூறிய இடம் காணாமல் போகும். மெக்கென்ஸி நிரப்புகிற கறுப்பு வட்டம் மாதிரியான ஒன்றின் ஓரத்தில் விட்டுப்போன மயிரிழை வெள்ளையைக் கணினி தப்பு என்று நினைத்து மூடிவிடும். கடைக்காரரும் நல்லது செய்வதாக நினைத்து இரண்டு எழுத்தைச் சரிசெய்து வைப்பார். கலைஞரின் கை இருந்த இடம் அதுதான். ஆகவே மாதிரியைப் பெரிதாக அச்செடுத்து, அசலைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கலைஞரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தலையசைத்த பிறகு வெட்டலாம்.

மூன்றாவது வழி, பெரிய தாளையோ துணியையோ கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிடுவது. செலவு குறைவு. ஆனால் அசலைத் தொங்கவிடாதீர்கள். வெயில் சாதாரண மார்க்கர் மையைச் சில வாரங்களிலேயே வெளுக்க வைத்துவிடும். நகல் எடுத்துத் தொங்கவிடுங்கள், அசல் இருட்டில் இருக்கட்டும்.

எந்த வழியானாலும் நிறம் தேர்ந்தெடுக்கும்முன் பகலிலும் இரவிலும் தெருவில் போய் நின்று பாருங்கள். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. கண்ணாடி பாதி நிலைக்கண்ணாடியாகி எதிர்வரிசைக் கட்டடத்தைக் காட்டும். கறுப்பு எழுத்து அந்த இருட்டில் கரைந்துவிடும், வெள்ளை எழுத்துதான் எழுந்து நிற்கும். இரவில் உள்ளே விளக்குப் போட்டால் எல்லாம் தலைகீழ். கறுப்பு எழுத்து நிழலுருவமாகத் தெளிவாக நிற்கும். நேரடி வெயில் படும் கண்ணாடி என்றால் பெரிய கறுப்புப் பரப்பை ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் சூடேறிக் கண்ணாடியே விரிசல் விடக்கூடும்.

கலைஞரால் ஏணியில் ஏற முடியாது, நெடுநேரம் நிற்க முடியாது. வேறொருவர் ஒட்டினால் அது யாருடைய படைப்பு?

கலைஞருடையது. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மட்டீஸ் 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதிகமும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும்தான் இருந்தார். வண்ணம் பூசிய தாளைக் கத்தரியால் வெட்டுவார். உதவியாளர்கள் அவர் சொல்கிற இடத்தில் சுவரில் குத்துவார்கள், மாற்றுவார்கள், மறுபடி குத்துவார்கள். அவை யாருடைய படைப்பு என்று யாரும் கேட்டதில்லை. சாந்திநிகேதனில் ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி 1950களில் பார்வையை முழுக்க இழந்த பிறகும் காகித வெட்டுகள் செய்தார். அங்கிருக்கும் கலாபவனம் என்ற கலைப்பள்ளியின் சுவருக்கு ஓடுகள் பதித்த ஓவியமும் அமைத்தார். ஓடுகளைப் பதிக்க மற்றவர்களின் கை உதவியது.

உதவியாளர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த முடிவை எடுத்தது யார்? எழுத்து எவ்வளவு உயரத்தில், எந்த நிறத்தில், எங்கே வெட்டுப்படலாம் என்பதெல்லாம் கலைஞரின் முடிவு. அவர் பேசமாட்டார் என்றால் இரண்டு மாதிரிகளை எதிரே வையுங்கள். கையால் தள்ளுவார், கிட்டே இழுப்பார், எழுந்து போவார், எல்லாம் பதில்தான். எழுந்து போவது 'வேண்டாம்' என்ற பதிலாகவும் இருக்கலாம். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். மூன்று நாளில் முடிக்க வேண்டிய ஜன்னலை மூன்று வாரத்துக்குத் திட்டமிடுங்கள். கீழ்ப்பகுதியைக் கலைஞர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதட்டும். கை எட்டும் உயரத்தோடு எழுத்து நின்றுவிட்டால், அந்த விளிம்பும் நல்ல விளிம்பே. மேலே வெறுமையாக இருப்பதைப் பார்த்துப் பதறி எதையாவது ஒட்டி நிரப்ப வேண்டியதில்லை.

பார்க்க வருகிற மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன செய்ய வேண்டும்?

சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 110 முதல் 125 சென்டிமீட்டர். படித்தே ஆக வேண்டிய சிறிய எழுத்தை அந்த உயரத்துக்குள் வையுங்கள். நடைபாதையில் விளம்பரத் தட்டியை நிறுத்தி வழியை மறிக்காதீர்கள். உட்கார ஒரு பெஞ்ச் போட இடமிருந்தால் போடுங்கள். அமெரிக்கக் கலைஞர் ஷானன் ஃபினிகன் பெஞ்சுகளையே படைப்பாக்கியவர். நீல நிறத்தில் பெஞ்ச் செய்து, இந்தக் கண்காட்சி என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டது, ஒப்புக்கொண்டால் உட்காருங்கள் என்கிற பொருளில் அதன் மேலேயே கையெழுத்தில் எழுதினார். காட்சிக்கூடத்தில் கால் வலித்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பெஞ்ச் பேசும்.

பார்வையற்றவர்களுக்குச் சொல்விளக்கம் வேண்டும். எழுத்து ஓவியத்துக்கு எழுதுவது சிரமமான விளக்கம் இது. சொற்களை அப்படியே படித்துக் காட்டினால் உருவம் போய்விடும். உருவத்தை மட்டும் சொன்னால் சொல் போய்விடும். இரண்டையும் சொல்லுங்கள். 'நீல மையில் எழுதிய ஆங்கிலச் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நடுவில் கறுத்துவிட்டன. வலது ஓரத்தில் பல்பு என்ற சொல்லின் பாதி மட்டும் வெளியே தெரிகிறது' என்கிற மாதிரி. ஃபினிகனும் போயானா கோக்லியட் என்ற கலைஞரும் சேர்ந்து, படவிளக்கத்தைக் கவிதைபோல எழுதலாம் என்று பயிலரங்குகளே நடத்தியிருக்கிறார்கள். விளக்கத்தைக் கேட்கக் கியூஆர் குறியீடு ஒட்டினால் அதைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும் மேடான விளிம்பு வையுங்கள். இல்லாவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று பார்வையற்றவருக்கு எப்படித் தெரியும்?

காது கேளாத கலைஞர்களும் எழுத்தைப் பயன்படுத்துகிறார்களா?

நிறைய. ஜோசஃப் கிரிக்லி பத்து வயதில் கேட்கும் திறனை இழந்தவர். காது கேட்கிறவர்கள் அவரிடம் பேசுவதற்காகச் சீட்டில், நாப்கினில், கவர்மேல் கிறுக்கித் தந்தவற்றைச் சேர்த்து வைத்துச் சுவர்முழுக்கப் பொருத்தினார். காற்றில் போயிருக்க வேண்டிய அரட்டை தாளில் தங்கிவிட்டது. கிறிஸ்டின் சன் கிம் பிறவியிலேயே காது கேளாதவர். சப்டைட்டிலில் அடைப்புக்குறிக்குள் வரும் ஒலிக்குறிப்பையே தன் வடிவமாக்கிக்கொண்டவர். 2021இல் மான்செஸ்டர் நகரக் கட்டடங்களின் மேல் அப்படிப்பட்ட குறிப்புகளைப் பெரிய எழுத்தில் வைத்தார். ஊருக்கே சப்டைட்டில். ஜன்னல் செய்ய நினைப்பவர்கள் அவர் வேலையைத் தேடிப் பார்ப்பது நல்லது; தெருவில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பது அதில் தெரியும்.

விற்றால் பணம் யாருக்கு?

கிரியேட்டிவ் குரோத்திலும் கிரியேட்டிவிட்டி எக்ஸ்ப்ளோர்டிலும் விற்பனைத் தொகையில் பாதி கலைஞருக்கு. வணிகக் கேலரிகளில் பொதுவாக நடப்பதும் இதேதான். ஜன்னல் விற்கப்படுவதில்லை என்பதால் அதற்குக் கூலி இல்லை என்று சில இடங்களில் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். வடிவமைப்புக்கும் வேலைநாளுக்கும் தனிக் கட்டணம் பேசுங்கள். எழுத்தைப் பிறகு டீசட்டையிலோ பையிலோ அச்சடிக்க நினைத்தால் அதற்குத் தனி ஒப்பந்தம்.

அமெரிக்காவில் இன்னொரு முடிச்சு உண்டு. குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகை வாங்குகிற தனிநபரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பு 1989இலிருந்து ஏறவேயில்லை. கையில் 800 டாலர் வைத்திருக்கிறவரின் ஓவியம் 3,000 டாலருக்கு விற்றால், அவர் பங்கு 1,500, சேமிப்பு 2,300. உதவித்தொகைக்கே ஆபத்து. ஓவியம் விற்ற சந்தோஷத்தோடு இந்தக் கணக்கும் வருவது எனக்குப் பொறுக்க முடியாத அநியாயமாகத் தெரிகிறது. 2014இல் வந்த ஏபிள் சட்டத்தின் கீழ் திறக்கும் கணக்கில் ஒரு லட்சம் டாலர்வரை இருந்தாலும் இந்த வரம்பில் சேராது. குறைபாடு 26 வயதுக்குமுன் தொடங்கியிருக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2026 ஜனவரியிலிருந்து 46 ஆகியிருக்கிறது. கலைஞருக்கு முதல் விற்பனை நடப்பதற்குமுன் குடும்பத்தார் இந்தக் கணக்கைத் திறந்துவிடுவது நல்லது.

ஜன்னலில் வைக்கும் விளக்க அட்டையில் என்ன எழுதலாம்?

பெயர். ஆண்டு. என்ன பொருளால் செய்தது. அவர் எந்தச் சொற்களை விரும்பி எடுக்கிறார் என்று இரண்டு வரி. குறைபாட்டைச் சொல்வதா வேண்டாமா என்பது கலைஞரின் விருப்பம். சொல்லலாம் என்றால் இயல்பாகச் சொல்லுங்கள். 'இவ்வளவு குறையிருந்தும் சாதித்தார்' என்று எழுதிவிட்டால் வருகிறவர் ஓவியத்தைப் பார்க்கமாட்டார், மனம் உருகிவிட்டுப் போய்விடுவார்.

'அவுட்சைடர் ஆர்ட்' (வெளியாள் கலை) என்ற சொல் 1972இல் ரோஜர் கார்டினல் என்ற கலை எழுத்தாளர் தந்தது. அதற்கு முன்பே பிரான்ஸில் துபுஃபே என்ற ஓவியர் 'ஆர் ப்ரூ' (பச்சைக் கலை, பக்குவப்படுத்தாத கலை) என்று ஒரு பெயர் வைத்திருந்தார். பள்ளிக்கூடக் கலைக்கு வெளியே இருப்பதைக் கவனிக்க வைத்த சொற்கள் என்ற அளவில் மதிக்கிறேன். ஆனால் முப்பது வருடமாகத் தினமும் ஸ்டுடியோவுக்கு வந்து, அருங்காட்சியகச் சுவரில் தொங்குகிறவரை இன்னும் 'வெளியாள்' என்றால், அவர் எப்போதுதான் உள்ளே வருவது? தமிழில் ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்கு 2010இல் அரசு மாறியது. சொல் மாறியதால் எல்லாம் மாறிவிடவில்லை. இருந்தாலும் அட்டையில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைக் கலைஞரும் அவர் அம்மாவும் வந்து படிப்பார்கள். அவர்களை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

ஓக்லாந்தின் 24வது தெரு, சான் பிரான்சிஸ்கோவின் 16வது தெரு, ரிச்மண்ட் நையாட் ஆகிய மூன்று ஸ்டுடியோக்களிலும் கேலரி உண்டு. சான் பிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகம் கிரியேட்டிவ் குரோத்தின் ஐம்பதாம் ஆண்டான 2024இல் பெரிய கண்காட்சி நடத்தியது. அந்த ஸ்டுடியோ கலைஞர்களின் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் இப்போது அதன் தொகுப்பில் இருக்கின்றன. ஸ்டுடியோவுக்கு வார நாளில் போங்கள், கலைஞர்கள் வேலையில் இருப்பார்கள். ஜன்னலைப் பார்க்க என்றால் பொழுது சாயும் நேரத்துக்குச் சற்று முன்னால் போய், தெருவிளக்கு எரியும்வரை அங்கேயே நில்லுங்கள்.